கிருஷ்ணாபுரம் ராடாரும் ஹெச்.ஆர்.டி.ஐ. கருவியும்: ஒரே காற்றுக்கு ஏன் இரண்டு அளவுகள்?

இடையடுக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் 1.98 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் ஓர் எம்.எஃப். (நடுத்தர அலைவெண்) ராடாரை 1992-இல் இயக்கத் தொடங்கியது. தரையிலிருந்து 68 கி.மீ. முதல் 98 கி.மீ. வரையிலான காற்றை அது அளக்கிறது. 1991 செப்டம்பரில் ஏவப்பட்ட நாசாவின் யு.ஏ.ஆர்.எஸ். (மேல் வளிமண்டல ஆய்வுச் செயற்கைக்கோள்) மீது இருந்த ஹெச்.ஆர்.டி.ஐ. (உயர் பிரிதிறன் டாப்ளர் படமாக்கி) கருவியும் அதே உயரங்களின் காற்றைப் பகல் வேளைகளில் அளந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இயங்கிய ஆண்டுகளின் தரவை ஒப்பிடுவதுதான் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல்.

ராடாருக்கு அருகே செயற்கைக்கோள் நோக்கிய ஒவ்வொரு முறையும் அது தந்த காற்றை எடுத்துக்கொண்டு, அதே நாளின் ராடார் சராசரியோடு சேர்த்துப் புள்ளிகளாக வரைந்தேன். பருவப் போக்கு நன்றாகப் பொருந்துகிறது. 80 கி.மீ.யை ஒட்டிய உயரங்களில் கிழக்கு மேற்குக் காற்று ஆண்டுக்கு இரு முறை மேற்கு நோக்கித் திரும்புவதும், மார்ச் மாதத்தையொட்டிய திருப்பம் செப்டம்பரை ஒட்டியதைவிட வலுவாக இருப்பதும் இரண்டிலும் தெரிகின்றன. வேகம்தான் பொருந்தவில்லை. ராடாரின் காற்று எப்போதும் குறைவாகவே இருக்கிறது. உயரே செல்லச் செல்ல வேறுபாடு கூடுகிறது. ராடார் மதிப்புகளை ஒரே எண்ணால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அவ்வாறு செய்ய எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டில் எதை நம்புவது, எந்த அடிப்படையில் நம்புவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

விளிம்புநோக்கு

நல்ல கேள்வி. எதை நம்புவது என்று தீர்மானிக்கும் முன், செயற்கைக்கோள் உண்மையில் எதை அளக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஹெச்.ஆர்.டி.ஐ. கருவி காற்றை நேரடியாகத் தொடுவதில்லை. பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கி, ஆக்சிஜன் மூலக்கூறுகள் 762 நானோமீட்டரை ஒட்டி வெளியிடும் வான்ஒளிர்வின் டாப்ளர் பெயர்ச்சியை ஃபாப்ரி பெரோ குறுக்கீட்டுமானியால் அளக்கிறது. நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அந்த அலைநீளத்தை மூன்று கோடியில் ஒரு பங்குதான் நகர்த்தும். செயற்கைக்கோளோ நொடிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. தொலைநோக்கி ஓட்டத் திசைக்கு 45 பாகையில் நோக்குவதால், அந்த வேகத்தில் ஏறக்குறைய 5.3 கி.மீ. பார்வைக் கோட்டின் வழியே வந்து சேர்கிறது. அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் காற்று. நோக்கும் கோணத்தை ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறாகக் கணித்தாலும் நொடிக்கு 9 மீட்டர் பொய்க்காற்று தோன்றிவிடும். பூமியின் சுழற்சியையும் கழிக்க வேண்டும். நடுக்கோட்டில் அது நொடிக்கு 465 மீட்டர்.

இன்னொன்று, பார்வைக் கோட்டின் நீளம். 90 கி.மீ. உயரத்தில் இரண்டரை கி.மீ. தடிப்புள்ள ஒரு படலத்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது, அந்தப் படலத்துக்குள் கோடு ஓடும் தூரம் ஏறக்குறைய 360 கி.மீ. அத்தனை தூரத்துக் காற்றும் ஒரே எண்ணாகச் சுருங்குகிறது. மேலும் ஒரே பார்வையில் கிடைப்பது காற்றின் ஒரு கூறு மட்டுமே. சில நிமிடங்கள் கழித்து, கடந்து சென்ற செயற்கைக்கோள் பின்பக்கமாகத் திரும்பிப் பார்க்கும்போது கிடைக்கும் இன்னொரு கூற்றோடு சேர்த்தே முழுத் திசையன் பெறப்படுகிறது. சில பத்து கி.மீ. அலைநீளமுள்ள வளிமண்டல ஈர்ப்பலைகள் (காற்று மேலும் கீழும் அசைவதால் எழுபவை) இவ்வளவு பெரிய இடத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும்.

நெல்லைவாசி

நான் ஆய்வாளன் அல்லன், வானொலி ஆர்வலன். கிருஷ்ணாபுரம் பக்கம் அடிக்கடி போய்வருகிறேன். ஒரு சிறிய ஐயம்: 1.98 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 150 மீட்டருக்கு மேல் வருமே, அவ்வளவு நீண்ட அலையைக் கொண்டு காற்றின் வேகத்தை எப்படி அளக்க முடிகிறது? அங்கே சுழலும் தட்டு எதையும் நான் பார்த்ததில்லை.

களநிலையம்

நெல்லைவாசி அவர்களுக்கு: சுழலும் தட்டு அங்கே தேவையில்லை. செலுத்தி மேல்நோக்கி ஒரு துடிப்பை அனுப்புகிறது. 60, 70 கி.மீ.க்கு மேல் உள்ள மெல்லிய அயனியாக்கத்தில் இருக்கும் ஒழுங்கின்மைகள் அதில் மிகச் சிறு பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பி வரும் அலை தரையில் ஒரு நிழற்கோலம் போல விழுகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளில் நிற்கும் ஏற்பு ஆண்டெனாக்களின் மேல் அந்தக் கோலம் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து செல்வதை நேரப் பிந்தலால் கணக்கிடுகிறோம். குளத்தின் மேல் போகும் மேகத்தின் நிழல் எந்தப் படித்துறையை முதலில் தொட்டது, எதை அடுத்துத் தொட்டது என்று பார்த்து மேகத்தின் போக்கைச் சொல்வது போன்றது இது.

சிக்கல் என்னவென்றால், கோலம் நகர்ந்துகொண்டே உருவும் மாறுகிறது. உரு மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால் வேகம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். அதற்கான திருத்தத்தைத்தான் முழு ஒட்டுறவுப் பகுப்பாய்வு செய்கிறது. ஆனால் பதிவில் இரைச்சல் இருந்தால் ஆண்டெனாக்களுக்கு இடையிலான ஒட்டுறவு (பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் அளவு) குறையும். பகுப்பாய்வு அந்தக் குறைவையும் உரு மாற்றம் என்றே எடுத்துக்கொண்டு தேவைக்கு மேல் திருத்திவிடும். விளைவு, வேகம் குறைந்து வரும். கோலத்தின் அளவோடு ஒப்பிடுகையில் ஆண்டெனாக்கள் நெருக்கமாக நின்றாலும் இதுவே நடக்கும். இந்த வகை ராடார்கள் பல இடங்களில் ஹெச்.ஆர்.டி.ஐ.யைவிடக் குறைந்த வேகத்தைத் தந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே இடையடுக்கு அவர்கள் கண்டது புதிதன்று, பிழையும் அன்று.

ஒப்பீடு ராடார்காரனுக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம்) மின்னல் தாக்கி ஏற்பிகள் பழுதாயின. பழுது பார்த்து இணைத்த பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடின. தரவின் தரம்கூட முன்னைவிட நன்றாக இருந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு செயற்கைக்கோள் தரவோடு ஒப்பிட்டபோது வடக்கு தெற்குக் கூறு அழகாகப் பொருந்தியது, கிழக்கு மேற்குக் கூறு மட்டும் தலைகீழாக இருந்தது. செயற்கைக்கோளைத்தான் முதலில் சந்தேகித்தோம். பிறகு ஓதக் காற்றின் (கதிரவனின் வெப்பத்தால் நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் காற்றலையின்) திசையன் நேரத்தோடு எப்படிச் சுழல்கிறது என்று வரைந்து பார்த்தேன். வட அரைக்கோளத்தில் அது வலஞ்சுழியாகச் சுழல வேண்டும். எங்கள் படத்தில் இடஞ்சுழியாகச் சுழன்றது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏற்பி அறைக்குப் போனேன். கிழக்கு ஆண்டெனாவின் கேபிளும் மேற்கு ஆண்டெனாவின் கேபிளும் இடம் மாறிச் செருகப்பட்டிருந்தன. முக்கோணம் கண்ணாடிப் பிம்பமாகிவிட்டது. எங்கள் காற்றும் அப்படியே ஆகிவிட்டது. ஒவ்வொரு கேபிளின் முனையிலும் சாயத்தால் நிறக்குறி இட்ட பிறகே அன்று வீட்டுக்குப் போனேன்.

ஓதமும் அலையும்

இடையடுக்கு அவர்களே, உங்கள் முதல் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. செயற்கைக்கோள் பார்த்த கண நேரக் காற்றை ராடாரின் நாள் சராசரியோடு ஒப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கருவிகளைப் பற்றிப் பேசும் முன் இதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

80 கி.மீ.க்கு மேல் காற்றை ஆள்வது சராசரிக் காற்று அன்று, ஓதங்கள். கதிரவனின் வெப்பத்தை நீராவியும் ஓசோனும் உறிஞ்சுவதால் கீழே பிறக்கும் 24 மணி நேர, 12 மணி நேர அலைகள், மேலே அடர்த்தி குறையக் குறைய வீச்சு பெருகி, 90 கி.மீ.யை எட்டும்போது சராசரிக் காற்றையே மிஞ்சிவிடுகின்றன. காலை 9 மணிக்குக் கிழக்கே வீசும் காற்று இரவு 9 மணிக்கு மேற்கே வீசலாம். ராடார் இரண்டையும் பார்த்து நாள் சராசரியில் ஓதத்தை நீக்கிவிடுகிறது. ஹெச்.ஆர்.டி.ஐ. உங்கள் ஊருக்கு மேல் பகலில் மட்டுமே முழு உயரக் காற்றையும் பார்க்கிறது. அதுவும் அந்த நாளில் ஒரு குறிப்பிட்ட உள்ளூர் நேரத்தில் மட்டும். யு.ஏ.ஆர்.எஸ். பாதையின் உள்ளூர் நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம் முன்னதாக நகரும். எனவே ஒரு மாதச் செயற்கைக்கோள் சராசரியில் ஓதத்தின் ஒரு பகுதி சராசரிக் காற்றின் வேடத்தில் அப்படியே தங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, சராசரிக் காற்று சுழியம், 24 மணி நேர ஓதத்தின் வீச்சு நொடிக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடாரின் நாள் சராசரி சுழியம். ஓதத்தின் உச்ச நேரத்தில் கடக்கும் செயற்கைக்கோளின் மதிப்பு 40. இரு கருவிகளும் பிழையின்றி அளந்திருக்கின்றன, ஒப்பீடுதான் தவறு. செயற்கைக்கோள் பார்த்த மணியைச் சுற்றிய ஒரு மணி நேர ராடார் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் வரையுங்கள். 80 கி.மீ.க்குக் கீழே இரவில் அயனியாக்கம் போதாமல் ராடாருக்கே தரவு கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். அங்கே உங்கள் ‘நாள் சராசரி’ உண்மையில் பகல் சராசரிதான்.

இடையடுக்கு

மிக்க நன்றி. களநிலையம் ஐயா சொன்ன கேபிள் நிகழ்வைப் படித்துவிட்டு முதலில் ஓதத்தின் சுழற்சித் திசையைச் சரிபார்த்தேன். அது சரியாகவே இருக்கிறது.

மணி வாரியாகப் பிரித்து மீண்டும் வரைந்தேன். சிதறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏன் இப்படி என்று பல வாரங்களாக நான் குழம்பிக்கொண்டிருந்த சில மாதங்கள் இப்போது இயல்பாகப் பொருந்துகின்றன. அந்த மாதங்களில் செயற்கைக்கோள் தொடர்ந்து காலை வேளையில் கடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆயினும் இரண்டு விஷயங்கள் மிஞ்சுகின்றன. ஒன்று, 90 கி.மீ.க்குக் கீழேயும் போக்குக் கோட்டின் சாய்வு (இரு அளவுகளும் ஒத்துப்போனால் 1 வர வேண்டும்) 1-ஐ எட்டவில்லை. மற்றொன்று, 95 கி.மீ.க்கு மேல் பகல் நேரக் கிழக்கு மேற்குக் கூறு மட்டும் தனி வழியில் போகிறது. வடக்கு தெற்குக் கூற்றில் அந்த அளவு விலகல் இல்லை.

களநிலையம்

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது கிருஷ்ணாபுரத்துக்கே உரியது. காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டுக்கு அருகே செல்வதால், பகலில் 105 கி.மீ.யை ஒட்டிய உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. நிலநடுக்கோட்டு மின்தாரை என்பது அதுதான். மின்னோட்டம் கிழக்கே ஓடுகிறது என்றால் எலக்ட்ரான்கள் மேற்கே விரைகின்றன என்று பொருள். அந்த உயரங்களில் அயனிகள் நடுநிலைக் காற்றோடு மோதி அதனுடனே செல்கின்றன. எலக்ட்ரான்களோ காந்தப்புலத்துக்குக் கட்டுப்பட்டவை. ராடார் பார்ப்பது எலக்ட்ரான்களின் ஒழுங்கின்மைகளை. எனவே 95 கி.மீ.க்கு மேல் பகலில் நீங்கள் அளப்பது முழுக்கக் காற்று அன்று. மின்தாரையின் சாயலும் அதில் கலந்திருக்கிறது. கிருஷ்ணாபுரம் ராடார் பதிவுகளிலேயே இது காட்டப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்திருக்கிறது. ஹெச்.ஆர்.டி.ஐ. பார்ப்பது நடுநிலை ஆக்சிஜனின் ஒளியை. மின்தாரை அதைத் தொடாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. திருநெல்வேலியிலும் மகாராஷ்டிரத்தின் அலிபாகிலும் புவிகாந்தப் பதிவகங்கள் இருக்கின்றன. அலிபாக் மின்தாரையின் எல்லைக்கு வெளியே இருப்பதால், இரு இடங்களின் காந்தப்புலக் கிடைக்கூற்றின் மாற்றங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் அன்றைய மின்தாரையின் வலிமை கிடைக்கும். சில பிற்பகல்களில் மின்தாரை திசை மாறி எதிர்த்தாரையாக ஓடும். அந்த நாள்களைத் தனியே பிரித்துப் பாருங்கள். ராடாருக்கும் செயற்கைக்கோளுக்கும் உள்ள வேறுபாடு அந்த நாள்களில் சுருங்கினாலோ திசை மாறினாலோ காரணம் உறுதியாகிவிடும்.

உயரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 1.98 மெகாஹெர்ட்ஸ் அலை, கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 48,000 எலக்ட்ரான்கள் உள்ள இடத்தில் முழுவதுமாகத் திரும்பிவிடும். பகலில் 100 கி.மீ.யை நெருங்கும்போதே அந்த அடர்த்தி வந்துவிடுகிறது. அதற்குச் சற்றுக் கீழேயே துடிப்பின் வேகம் தளர்வதால், எதிரொலி தாமதமாக வந்து, உண்மை உயரத்தைவிட மேலே இருப்பதாகக் காட்டும். உங்கள் கோப்பில் 98 கி.மீ. என்று எழுதியிருப்பது பகலில் 98 கி.மீ. அன்று.

விளிம்புநோக்கு

களநிலையம் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் சாய்வு 1-க்குக் கீழே இருப்பதற்கு ராடாரை மட்டும் குற்றம் சொல்வது சரியன்று. ஒரு பங்கு புள்ளியியலைச் சேர்ந்தது. கிடையச்சில் செயற்கைக்கோளையும் நெட்டச்சில் ராடாரையும் வைத்து வழக்கமான மீச்சிறு வர்க்க முறையில் கோடு வரைந்தால், கிடையச்சு மதிப்புகள் பிழையற்றவை என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. காற்றின் உண்மையான பரவல் நொடிக்கு 30 மீட்டர், செயற்கைக்கோளின் தற்செயல் பிழை 15 மீட்டர் என்று வையுங்கள். 900-ஐ 1125-ஆல் வகுத்தால் 0.8. ராடார் துல்லியமாகவே அளந்திருந்தாலும் உங்கள் சாய்வு 0.8 என்றுதான் வரும். அச்சுகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் சாய்வு 1-க்குக் கீழே வந்தால், இரண்டு பக்கமும் பிழை இருக்கிறது என்று பொருள். இரு பக்கப் பிழைகளையும் கணக்கில் கொள்ளும் முறையில் கோடு பொருத்துவதே நேர்மையானது.

செயற்கைக்கோளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. காற்றே இல்லாதபோது குறுக்கீட்டுப் பட்டை எங்கே நிற்கும் என்ற சுழிய நிலையை விண்வெளியில் நேரடியாகச் சோதிக்க இயலாது. விளக்கொளியை வைத்துக் கருவியின் நகர்வைக் கண்காணிக்கலாம். ஆனால் சுழியத்தைக் கடைசியில் நீண்டகாலச் சராசரிகளைக் கொண்டோ வேறு அளவீடுகளைக் கொண்டோதான் நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது. ராடார் இந்த விஷயத்தில் உறுதியானது: கோலம் நகராவிட்டால் பிந்தல் இல்லை. ஆகவே கோட்டின் சாய்வுக்குச் செயற்கைக்கோளையும், கோட்டின் வெட்டுத்துண்டுக்கு (கோடு அச்சை வெட்டும் இடத்துக்கு) ராடாரையும் நான் கூடுதலாக நம்புவேன்.

ஓதமும் அலையும்

கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதைக் காரணமாகக் கொண்டு ராடாரை ஒரே எண்ணால் பெருக்குவதை எதிர்க்கிறேன். இரைச்சல் நேரத்துக்கு நேரம் மாறும், உயரத்துக்கு உயரம் மாறும். பெருக்கும் எண்ணும் அப்படியே மாறும். ஆண்டு முழுவதற்கும் ஓர் எண்ணை வைத்தால், இரைச்சலின் நாள்வட்ட மாற்றம் ஓதத்தின் வீச்சாக உங்கள் முடிவுக்குள் நுழைந்துவிடும். அதைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

களநிலையம்

பெருக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒட்டுறவுக் கெழு உயர்ந்திருக்கும் பதிவுகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிடுங்கள். சாய்வு அங்கே 1-ஐ நெருங்கினால் இரைச்சல்தான் காரணம். அப்போது இரைச்சலுக்கேற்ற திருத்தம் செய்வது நியாயமே. நெருங்காவிட்டால் விட்டுவிடுங்கள். அளவீட்டுப் பிழையின் காரணம் தெரியாமல் செய்யும் திருத்தத்தில் எனக்கும் நம்பிக்கை இல்லை.

நெல்லைவாசி

தும்பாவில் ராக்கெட் விட்டு அளக்கிறார்களே, அதை வைத்து இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல முடியாதா?

விளிம்புநோக்கு

அங்கிருந்து வானிலை அளவீட்டுக்காக ஏவப்படும் ஆர்.ஹெச். 200 ராக்கெட்டின் காற்றுத் தரவு 65 கி.மீ.யை ஒட்டி முடிந்துவிடும். இந்த இழையின் வழக்கு அதற்கு மேலே நடக்கிறது. ஆனால் தும்பாவிலேயே வேறொரு சாட்சி இருக்கிறது. 2004 முதல் அங்கே 35.25 மெகாஹெர்ட்ஸில் ஓர் எரிகல் ராடார் இயங்கியிருக்கிறது. வளிமண்டலத்தில் எரியும் விண்துகள்களின் அயனித் தடங்கள் காற்றோடு இழுபடுவதை அது டாப்ளர் முறையில் அளக்கிறது. முழு ஒட்டுறவுப் பகுப்பாய்வின் சிக்கல் அதில் இல்லை. 90 கி.மீ.யை ஒட்டி மிக நல்ல தரவு கிடைக்கும். கிருஷ்ணாபுரத்திலிருந்து ஏறக்குறைய 100 கி.மீ. தூரம்தான், ஓதங்களுக்கு அது ஒரு தூரமே அன்று. தடங்கள் விடியற்காலையில் மிகுதியாகவும் மாலையில் குறைவாகவும் கிடைப்பதால் மாலை மதிப்புகளில் மட்டும் கவனம் தேவை.

ஹெச்.ஆர்.டி.ஐ. காலத்துக்கு அது உதவாது. ஆனால் 2001 டிசம்பரில் ஏவப்பட்ட டைமெட் செயற்கைக்கோளின் டி.ஐ.டி.ஐ. கருவியையும், 2019 அக்டோபரில் ஏவப்பட்ட ஐகான் செயற்கைக்கோளின் மைட்டி கருவியையும் சேர்த்தால் மூன்று வகை அளவீடுகள் கிடைக்கும். ஐகான் 27 பாகைச் சாய்வில் சுற்றியதால் நம் அகலாங்குகளை அடிக்கடி கடந்தது, அதன் 557.7 நானோமீட்டர் பச்சைக் கோட்டுக் காற்று 90 கி.மீ.யிலிருந்து தொடங்குகிறது. 2022 நவம்பரில் தொடர்பு அறுந்துபோனது பெரிய இழப்பு. மூன்று சார்பற்ற அளவீடுகள் இருந்தால், எதையும் உண்மை என்று முன்கூட்டியே கொள்ளாமல் ஒவ்வொன்றின் பிழையையும் தனித்தனியே மதிப்பிடலாம்.

இடையடுக்கு

இந்த இழையைத் தொடங்கியபோது எந்தக் கருவி சரி என்று கேட்டேன். இப்போது என் இயலை உயர வாரியாகப் பிரித்து எழுதப் போகிறேன். 80 முதல் 90 கி.மீ. வரை மணி வாரியான ஒப்பீடும், ஒட்டுறவுக் கெழுவின்படி பிரித்த சாய்வுகளும் வரும். ஒற்றை எண்ணால் பெருக்கப் போவதில்லை. 95 கி.மீ.க்கு மேல் உள்ள பகல் மதிப்புகளைக் காற்று என்று அழைக்காமல் ‘நகர்வு’ என்று மட்டும் எழுதி, அலிபாக் கழித்த காந்தப்புலத்தோடு ஒப்பிடுவேன். அந்த வேறுபாட்டைப் பிழை என்று எறிந்துவிட இருந்தேன் என்பதை நினைக்கையில் வருத்தமாக இருக்கிறது, ஏனெனில் மின்தாரையைப் பற்றி இந்தத் தரவு சொல்லக்கூடியது அதற்குள்தான் இருக்கிறது.

90-க்கும் 95-க்கும் இடையிலான படலத்தை என்ன செய்வது என்பது மட்டும் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஓதத்தின் வீச்சு மிகப் பெரிதாக இருப்பதும் அங்கேதான். மின்தாரையின் கை எந்த நாளில் எதுவரை இறங்குகிறது என்று சொல்ல முடியாததும் அங்கேதான்.

களநிலையம்

அந்த ஐந்து கி.மீ.க்கு இரவுத் தரவிலிருந்து தொடங்குங்கள், அம்மா. இரவில் மின்தாரை மிகவும் வலுவிழந்திருக்கும், ஹெச்.ஆர்.டி.ஐ.யும் இரவில் 95 கி.மீ.யை ஒட்டிய ஒரே ஓர் உயரத்துக் காற்றைத் தருகிறது. இரவுச் சாய்வையும் பகல் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளில் ஏற்பி பழுதுபார்ப்புக் குறிப்பேடு கிடைக்குமானால், அதையும் கேட்டு வாங்கி, கேபிள் கழற்றி மாட்டிய தேதிகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.